மூன்றாம் ஓலை

"குடிச்சுக் குடிச்சுக் குடல் வெந்துபோச்சு உபதேசியாரே, வேற என்னத்தச் சொல்ல" என்று வாசலில் அந்தோணிமுத்து சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே வியாகுலமேரி தன் புருஷனின் விறைத்த வலது கையைச் சட்டைக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். கை மடங்க மறுத்தது. இழுத்த இழுப்பில் தோள்பட்டைத் தையல் பட்டென்று விட்டது.

மகள் அருள்செல்வி தலைமாட்டில் நின்று அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். உத்தமபாளையத்துக் கல்லூரியில் கடைசி வருஷம். பெரியப்பா அந்தோணிமுத்து சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சாமி பதிவேட்டுல எழுதணும்னாக, அதான் கேட்டேன்" என்றார் உபதேசியார் ஜாஸ்பர். "அப்புறம், அந்த உறுதிமொழித் தாளயும் எடுத்துவைக்கச் சொன்னாக."

"வைக்கட்டும், வைக்கட்டும். நாலு வாலிபப் பயலுகளாவது திருந்தட்டும்."

வியாகுலமேரியின் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்தக் கோயில் பங்கில் ஒரு புதுப் பழக்கம். குடித்துச் செத்தவனின் பெட்டி கோயிலுக்குள் வந்தால், அடக்கப் பூசையின் முடிவில் ஊர் வாலிபர்கள் வரிசையாக வந்து பெட்டியின் மேல் கை வைத்து, இனி மதுவைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சாமியார் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார். இதுவரை நான்கு பெட்டிகள் மேல் சத்தியம் நடந்திருக்கிறது. ஐந்தாவது அவள் புருஷன் ஜான் பீட்டரின் பெட்டி.

நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் ஜான் பீட்டரின் நாக்கில் பட்ட மது, பெரிய வியாழனன்று சாமியார் திராட்சை ரசத்தில் நனைத்துக் கொடுத்த அப்பம் மட்டும்தான். அது வியாகுலமேரிக்குத் தெரியும். வாசலில் நின்று பேசுகிற அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் பேசுகிறார்.

அவளுக்கு வியாகுலம் என்று பேர் வைத்தது யாரோ, ஆள் பார்த்து வைக்கவில்லை. அழுகை அவளுக்குச் சீக்கிரம் வராது. கோபம்தான் வரும். முந்தின நாள் சாயங்காலம் தேனி ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கியதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர்ப் பெண்கள் அதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். குடிகாரன் போய்ச் சேர்ந்தான், பாவம், இவளுக்கு விடிவுகாலம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜான் பீட்டர் ஜீப் ஓட்டினான். விடியற்காலையில் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவான், சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவான். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வலது பக்கக் கண்ணாடியில் அழுக்கு இருக்கிறது என்று துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுக்கு கண்ணாடியில் இல்லை, கண்ணில் இருந்தது. கொஞ்ச நாளில் தலைவலி. பிறகு நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. ஒரு நாள் மெட்டு மலைப்பாதை வளைவில் மைல்கல்லைக் கொண்டுபோய் இடித்தான். யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் ஜீப் சொந்தக்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தண்ணியைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. தள்ளாடுகிறவனைக் கண்டால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து மூளை ஸ்கேன். அங்கிருந்து ரத்தம் பெங்களூருக்குப் போனது. இரண்டு மாசம் கழித்து மதுரை டாக்டரம்மா இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்கும் மூளைக்கும் போகிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வரும். பெரியாற்று வாய்க்கால் அடைத்தால் கடைமடை காய்கிற மாதிரி என்று வியாகுலமேரி புரிந்துகொண்டாள். மருந்து இல்லை. பரம்பரையாக வருவது. வியாதி இருக்கிறவருடைய பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"உங்க வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன். அம்பத்திமூணு வயசு. வாத்தியார்."

"கண்ணு எப்படி?"

"தரையில குண்டூசி கெடந்தா எடுத்துருவாக."

"அப்ப அநேகமா அவருக்கு இருக்காது. அவருக்கு இல்லேன்னா அவர் பிள்ளைங்களுக்கும் வராது. ரத்தம் குடுத்துப் பார்த்துட்டா உறுதியா சொல்லிடலாம்."

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர், பங்குப் பேரவையில் இருப்பவர், நாலு பேர் மதிக்கிற மனுஷன். அந்தோணிமுத்து காகிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "எம் பொண்ணு ரீட்டாவுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் இது வெளிய போக வேண்டாம்டா தம்பி" என்றார்.

"அப்ப ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?" என்று அவள்தான் கேட்டாள்.

அதற்கு ஜான் பீட்டரே சிரித்துக்கொண்டு பதில் சொன்னான். "ஏற்கெனவே குடிகாரன்னுதான சொல்றாக. அப்படியே இருந்துட்டுப் போகட்டும் மேரி. குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பாக. நோய்க்காரன் வீட்டுல எடுக்க மாட்டாக."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மூன்று வருஷம் மறைத்தார்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டே, 'டீச்சர் வீட்டுக்காரரு நேத்து முக்குல விழுந்து கெடந்தாராம்ல' என்று தாய்மார்கள் பேசுவதை வியாகுலமேரி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு வருகிற கோபத்தில் பாதி, அப்படி வாய் மூடிக் கிடந்த அந்த மேரியின் மேல்தான்.

ரீட்டாவுக்கு வழி பிறந்துவிட்டது. சின்னமனூர் மாப்பிள்ளை, ரெக்ஸ் என்று பேர். கோயிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. 'இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்' என்று ஜாஸ்பர் மைக்கில் வாசிக்கும்போது, அந்தோணிமுத்து முன்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிறு கடைசியான மூன்றாம் ஓலை. அதற்கு மூன்றே நாள் இருக்கும்போது தம்பி செத்துப்போனான். கல்யாணத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். ஆனால் செத்த காரணம் ஒன்று சொல்லியாக வேண்டுமே.

பத்து மணிக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏலத்தோட்டத்துப் பெண்கள் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் மொத்தமாக வந்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக மொக்கம்மாள். ஜீப்பில் எப்போதும் முன்சீட்டில் உட்காருகிறவள். மைல்கல்லில் இடித்த பிறகு, 'அந்த வண்டியில இனி ஏற மாட்டோம்' என்று முதலில் சொன்னவளும் அவள்தான். வந்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏ என் டிரைவரய்யா! தங்கமான மனுசன, அந்தப் பாழாப்போன குடி கொண்டுபோயிருச்சே!"

"மொக்கம்மா" என்று வியாகுலமேரி சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த வார்த்தை வருவதற்குள் அந்தோணிமுத்து வந்து நின்றார்.

"மேரி, ஆத்தா, இங்கன கொஞ்சம் வா. துணி ஒண்ணு எடுக்கணும்."

அடுப்படிக்குள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். வெளியே கேட்காத குரலில் பேசினார்.

"என்ன பண்ணப் பாத்த?"

"உண்மையச் சொல்லப் பாத்தேன் மாமா. உங்க தம்பி பெட்டி மேல பயலுக குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணப் போறாகளாமே. நீங்கதான் ஏற்பாடு பண்ணுனீகளா?"

"சாமியாத்தான் பண்றாக. நான் என்ன செய்ய?"

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"வேண்டாம்னா ஏன்னு கேப்பாக."

"கேட்டா சொல்லுங்க! உங்களுக்கு அநேகமா இல்லேன்னு அந்த டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாக. ஒரு சொட்டு ரத்தம் குடுத்திருந்தா உங்க பொண்ணு தலை நிமிந்து போயிருப்பா. எம் புருசன் மூணு வருசம் குடிகாரன்னு பேர் சுமந்திருக்க வேண்டாம்."

"இருக்குன்னு வந்திருந்தா?" என்றார் அந்தோணிமுத்து.

ஐம்பத்தாறு வயசு மனுஷன் தினமும் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் காலண்டர் தேதியைப் பார்த்துக்கொள்வார் என்று ரீட்டா ஒரு முறை சிரித்துச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பாவம் என்று கூடத் தோன்றியது. ஆனால் அவருடைய பயத்துக்கு இவள் புருஷனா கூலி கொடுக்க வேண்டும்?

"என்னைய விடு மேரி. ஒம் பொண்ண நெனச்சுப் பாரு. எனக்காவது இருக்கோ இல்லையோ. அவளுக்குப் பாதிக்குப் பாதி. இன்னைக்கு நீ வாயத் தொறந்தா நாளைக்கு அவள எவன் கட்டுவான்? குடிச்சுச் செத்தான்னு சொன்னா ஒரு மாசத்துல ஊரு மறந்துரும். இது மறக்காது."

சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். எய்த அம்பு சரியான இடத்தில் தைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வியாகுலமேரி அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் பொய் ஒரு எழுத்து இல்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

பெட்டியில் ஜான் பீட்டரை இறக்கிவைத்தார்கள். வியாகுலமேரி சட்டையின் கிழிசல் தெரியாமல் மாலையை இழுத்து மூடினாள். மூன்று மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

கோயில் நிறைந்திருந்தது. இடதுபக்கம் பெண்கள் வரிசையில் முதல் பெஞ்சில் வியாகுலமேரி, பக்கத்தில் அருள்செல்வி, அதற்கடுத்து ரீட்டா. இரண்டு பெஞ்சு பின்னால் சின்னமனூர்ச் சம்பந்தியம்மாள் பட்டுப்புடவை வேண்டாமென்று நூல்சேலை கட்டி வந்திருந்தார். தோட்டத்துப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியை ஒட்டி நின்றார்கள்.

பூசை முடிந்தது. தீர்த்தம் தெளித்து, சாம்பிராணி போட்டார்கள். சாமியார் பெட்டியின் அருகில் வந்து நின்றார். சின்ன வயசு, கனிவான முகம்.

"நம்ம சகோதரர் ஜான் பீட்டர் நல்ல உழைப்பாளி. நல்ல தகப்பன். ஒரே ஒரு பலவீனம் அவரை நம்மகிட்டருந்து பிரிச்சிருச்சு. அவரோட சாவு வீணாகக் கூடாது. வாலிபப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரா முன்னால வாங்க."

ஜாஸ்பர் தாள்களைக் கொடுத்துக்கொண்டு வந்தார். வலதுபக்கத்து வரிசையிலிருந்து பையன்கள் எழுந்தார்கள். முதலாவதாக வந்தவன் பதினெட்டு வயசிருக்கும். முந்தின வாரம்தான் அவனைப் போதையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்தார்கள். அவன் பயபக்தியோடு பெட்டியின் மேல், ஜான் பீட்டரின் நெஞ்சுக்கு நேராகக் கை வைத்தான்.

"கைய எடுடா!"

கோயில் முகட்டில் மோதித் திரும்பி வந்த குரல் தன்னுடையதுதான் என்று வியாகுலமேரிக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் எழுந்து நின்றிருந்தாள். பையன் கையை எடுத்துவிட்டான்.

"சாமி, இத நிறுத்துங்க. எம் புருசன் குடிக்கல."

ஆண்கள் பக்கமிருந்து அந்தோணிமுத்து வேகமாக எழுந்தார். "துக்கத்துல என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசுறா சாமி. மேரி, உக்காரு."

"துக்கத்துல இல்ல மாமா. கோவத்துல பேசுறேன். தெரிஞ்சுதான் பேசுறேன். எம் புருசன் வாய் வச்சுக் குடிச்சத இங்கன ஒருத்தராவது பாத்திருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க. நான் உக்காந்துக்கிறேன்."

யாரும் எழவில்லை. பார்த்தவர்கள் யாரும் இல்லை. தள்ளாடியதைப் பார்த்திருக்கிறார்கள், விழுந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வாசற்படியிலிருந்துதான் ஒரு குரல் வந்தது.

"ஆறு வருசம் முன்சீட்டுல உக்காந்து போனேன் சாமி" என்றாள் மொக்கம்மாள். "ஒரு நாளும் வாடை அடிச்சதில்ல. அது தெரிஞ்சிருந்தும் ஊரோட சேந்து நானும் சொன்னேன். என் நாக்கு அழுகணும்."

கோயிலுக்குள் கசமுசா என்று பேச்சு கிளம்பியது. அதற்கு மேலாகச் சம்பந்தியம்மாளின் குரல் நிதானமாகக் கேட்டது.

"அப்ப அவரு எதுல செத்தாரு?"

வியாகுலமேரி வாயைத் திறந்தாள். ரத்தக்குழாய் என்று சொல்ல வேண்டும். பரம்பரை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது இந்தப் பெட்டியோடு போய் மண்ணுக்குள் மூடிக்கொள்கிற காரியம் இல்லை. பக்கத்தில் இருபத்தொரு வயசில் உட்கார்ந்திருக்கிறது. அவள் மகளைப் பார்த்தாள்.

அருள்செல்வி எழுந்தாள். அம்மாவின் சேலையைப் பிடித்து மெல்ல இழுத்து உட்காரவைத்தாள்.

"எங்க அப்பாவுக்கு ரத்தக்குழாய் வியாதி" என்றாள். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி நேராக நின்று சொன்னாள். "கண்ணுக்கும் மூளைக்கும் போற குழாய் அடைச்சுப்போயிரும். அதான் கண்ணு போச்சு, நடை போச்சு. பரம்பரையா வர்றது. எங்க தாத்தாவையும் குடிச்சுச் செத்தாருன்னுதான் சொல்லுவாக. அவரு குடிச்சாருதான், ஆனா செத்தது இதுலதான் இருக்கும். எனக்கும் வரலாம், வராமலும் போகலாம். இன்னும் டெஸ்ட் எடுக்கல. பெரியப்பாவுக்கு அநேகமா இல்ல, அதனால ரீட்டாக்காவுக்கும் இருக்காதுன்னு டாக்டர் சொன்னாக. அவுகளும் இன்னும் எடுக்கல. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். வியாகுலமேரி மகளின் முழங்கால் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இவளுக்கு எப்போது தெரிந்தது? பீரோவில் பூட்டிய காகிதத்தின் படம் அப்பாவின் போனில் இருந்திருக்கும், அதில் இருந்த நம்பருக்குப் பேசி மீதியைக் கேட்டிருப்பாள். எத்தனை நாளாக ஒற்றையாக வைத்துக்கொண்டு இருந்தாளோ! பெற்றவள் மறைத்தாள், பிள்ளையும் மறைத்தாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் வியாகுலமேரிக்கு முதல்முறையாகக் கண்ணில் நீர் முட்டியது. அப்போதும் அது பாதி ஆத்திரம்தான்.

சாமியார் கையிலிருந்த தாளை மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். "ஜான் பீட்டருக்காக செபிப்போம். அவர்கிட்ட நான் மன்னிப்பும் கேட்டுக்கறேன்." பையன்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஜாஸ்பர் வந்து காதருகில் சொன்னார். "சம்பந்தியம்மா கெளம்பிட்டாகம்மா. ஞாயித்துக்கிழம ஓலைய நிறுத்தி வைக்கச் சொல்லிட்டுப் போறாக." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வருத்தப்படவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை.

குழியில் பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு மூன்று பிடி மண். முந்தின ராத்திரி பெய்த மழையில் மண் சேறாகியிருந்தது. ரீட்டா மண்ணைப் போட்டுவிட்டுத் தன் அப்பாவின் பக்கம் போகாமல் நேராக வியாகுலமேரியிடம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்கிட்ட ஏன் சித்தி ஒருத்தரும் சொல்லல?"

"தப்புதான் ஆத்தா. என் தப்பும்தான்."

"நான் அந்த வீட்டுக்குப் போயி, ஒரு பிள்ளையையும் பெத்த பிறகு தெரிஞ்சிருந்தா?"

ரீட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டெஸ்டுக்குச் சாப்பிடாமப் போகணுமா?"

"வேண்டாம். சாப்பிட்டே போலாம்."

"அப்ப திங்கக்கிழம நானும் அருளும் போறோம். ஓலைய நிறுத்துனா நிறுத்தட்டும்."

ரீட்டா அருள்செல்வியைத் தேடிப் போனாள். வியாகுலமேரி கல்லறைத் தோட்டத்து மூலையில் இருந்த அடிபம்புக்குப் போய்க் கையைக் கழுவினாள். பின்னால் யாரோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அந்தோணிமுத்து. சேறு ஒட்டிய இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். ஒரே நாளில் அவருக்குப் பத்து வயசு கூடியிருந்தது.

"எம் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டியே மேரி" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அவன் குடிக்க மாட்டான். எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில மருந்துத் தண்ணியக்கூடத் துப்பிருவான்."

அவளுடைய கை பம்புப் பிடியின் மேல் இருந்தது. அவள் அழுத்தவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்ச ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிறதுக்கா அவரு செத்தாரு? அங்கன வாசல்ல இருக்காகள்ல, ஜீப் ஸ்டாண்டுக்காரவுக. அவுககிட்டப் போய் உங்க வாயால சொல்லுங்க. கோயில்ல நாங்க ரெண்டு பொம்பளைக சொன்னோம். அண்ணங்காரரு இன்னும் சொல்லல."

அந்தோணிமுத்து அவளைப் பார்த்தார். தண்ணீர் நின்றுபோன பம்பு வாயைப் பார்த்தார். பிறகு கழுவாத கைகளோடு திரும்பி நடந்தார். பாதி வழியில் ஒரு முறை நின்றார். வியாகுலமேரி பிடியை விடவில்லை. அவர் மறுபடியும் நடந்தார்.

வாசல் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் முன்னால் போய் நின்றார். என்ன சொன்னார் என்பது இங்கே கேட்கவில்லை. சேற்றுக் கைகள் அசைவது மட்டும் தெரிந்தது. முதலில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரிலிருந்து இறங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவர் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஜான் பீட்டரின் குழிப் பக்கம் திரும்பி நின்றார்கள். சுவரின் மேல் ஒருவரும் இல்லை.